பனி தாங்கும் கற்பூர மரம் யாருக்கு வேணும்?

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். தாவரவியல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் ஊட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். கற்பூர மரத்தைப் பற்றிப் பேச இந்தத் தகுதி போதும் என்பது என் தாழ்மையான கருத்து. (யூகலிப்டஸ், தைல மரம், நீலகிரி மரம் எல்லாம் ஒன்றுதான். எங்கள் மலையில் அதைக் கற்பூர மரம் என்றுதான் சொல்வோம்.)

சரி, மேட்டருக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பக்கம் அஞ்சு சென்ட், பத்து சென்ட் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே சந்தேகம். "தம்பி, உறைபனி தாங்கற யூகலிப்டஸ் எது? வீட்டு முன்னாடி ரெண்டு வைக்கணும்." சமவெளியில் இருந்து வந்தவர்கள் கேட்டால் பரவாயில்லை. இங்கேயே நாலு தலைமுறையாக இருப்பவர்களும் ஹோம்ஸ்டே போர்டு மாட்டிய கையோடு இதையே கேட்கிறார்கள். எல்லாம் அந்தப் போட்டோ பண்ணும் வேலை. கல்யாணப் பூங்கொத்தில் செருகுவார்களே, வெள்ளி பூசின மாதிரி வட்ட வட்ட இலை, அதுதான். உடனே இணையத்தில் தேடுகிறார்கள். இங்கிலாந்து நர்சரிகளின் பட்டியல் வந்து விழுகிறது. இது மைனஸ் 8 தாங்கும், அது மைனஸ் 15 தாங்கும். செல்போன் வாங்கும்போது கேமராவுக்கு மெகாபிக்சல் பார்க்கிற மாதிரி பெரிய எண்ணாகப் பார்த்து விதைக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

கேட்கிற கேள்வியே தப்பு என்கிறேன்.

ஊட்டி உறைபனி என்பது என்ன? டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தாவும் காந்தலும் தாவரவியல் பூங்காப் புல்வெளியும் விடிகாலையில் உப்பு கொட்டியது போல் கிடக்கின்றன. மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அதே நேரத்தில் பனியே காணாமல் காபி குடித்துக்கொண்டிருப்பார். வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும், சில நாள் ஒன்றிரண்டு டிகிரி கீழேயும் போகும். பத்து மணி வெயிலில் எல்லாம் காலி, மத்தியானம் ஸ்வெட்டரைக் கழற்றலாம். இதற்கு மைனஸ் 15 தாங்கும் மரம் எதற்கு? இல்லாத ரிஸ்க்குக்கு பிரீமியம் கட்டுவதை எங்கள் காமர்ஸ் பாஷையில் சேமிப்பு என்று சொல்வதில்லை.

இதற்கு அத்தாட்சி உங்கள் கண் முன்னாலேயே நிற்கிறது. நீலகிரி முழுக்க இருக்கும் கற்பூர மரம் டாஸ்மேனியாவின் குளோபுலஸ் இனம். இங்கிலாந்துப் பட்டியல்களில் குளிருக்கு அவ்வளவாகத் தாக்குப்பிடிக்காதது என்று கீழே தள்ளப்பட்ட மரம் அது. அது இந்த மலைக்கு வந்தது 1843 வாக்கில். 1856-ல் விறகுக்காகவே முறையாகத் தோப்பு போட ஆரம்பித்தார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஜம்மென்று நிற்கிறது. (அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்தது. வெள்ளைக்காரன் குளிர்காயச் சோலைக்காடுகள் வேகமாக வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. சீக்கிரம் வளரும் விறகு கிடைத்தால் கோடரிக்கு வேறு வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். இன்றைக்கு உங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது.)

அடுத்து, அந்த எண்ணின் லட்சணத்தைப் பார்ப்போம். ஆப்பிள், பீச் மாதிரி குளிர்காலத்தில் மொட்டை மூடிக்கொண்டு தூங்குகிற பழக்கம் யூகலிப்டஸுக்குக் கிடையாது. கொஞ்சம் சூடு கிடைத்தாலும் துளிர்விடும். இலையுதிர் காலத்தில் குளிர் மெல்ல மெல்ல ஏறினால்தான் அது உடம்பைப் பதப்படுத்திக்கொள்ளும். மைனஸ் 15 என்பது அப்படிப் பதப்பட்ட, சில வருஷம் வளர்ந்த மரத்தின் கணக்கு. போன மாதம் முளைத்த கன்றின் கணக்கு அல்ல. விதை மலை உச்சியில் நிற்கும் தாய்மரத்திலிருந்து வந்ததா, அடிவாரத்து மரத்திலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து ஒரே இனத்துக்குள்ளேயே வித்தியாசம் வரும். பாக்கெட்டில் இதை யாராவது அச்சடிக்கிறார்களா? பகலில் 20 டிகிரி, ராத்திரி பூஜ்யம் என்று ஊஞ்சலாடும் ஊட்டிக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வருவது லண்டன் பஸ் டிக்கெட்டைக் காந்திபுரத்தில் நீட்டுவதற்குச் சமம்.

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கும் நம்மாட்கள் சண்டைக்கு வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. கன்னி என்கிற இனம் டாஸ்மேனியாவின் நடு மேட்டுநிலத்தில் வளர்வது. பாசிஃப்ளோரா ஆஸ்திரேலிய மலைகளில் பனி மூடும் உயரத்தில் வளர்வது, அதில் நிஃபோஃபிலா என்கிற வகை இன்னும் கெட்டி. இரண்டில் ஒன்றை வாங்குங்கள். ஆனால் ஆளுயரக் கன்றை வாங்காதீர்கள். தொட்டிக்குள் வேர் சுருண்டுபோன மரம் பத்து வருஷம் கழித்துக் காற்றில் சாயும். சின்னத் தொட்டிக் கன்றாகப் பார்த்து, பனிக்காலம் முடிந்து மண் சூடானதும் நடுங்கள். கன்னியை மட்டும் வருஷா வருஷம் வசந்தத்தில் அடியோடு வெட்டிவிட்டால் புதராக நிற்கும், வட்ட இலையும் மாறாது. ஒரு கொடுமை என்னவென்றால், உங்கள் ஊர்த் தோட்டங்களில் செல்லமாக வளரும் அந்தக் கன்னியின் ஒரு கிளையினம் சொந்த மண்ணான டாஸ்மேனியாவில் வறட்சியால் பட்டுப்போய், அழியும் ஆபத்தில் இருக்கும் பட்டியலில் இருக்கிறது.

வட்ட இலை என்றதும் ஞாபகம் வருகிறது. அது குழந்தை இலை மக்களே! மரம் வளர்ந்தால் அநேக இனங்களில் இலை அரிவாள் மாதிரி நீண்டு பச்சையாகிவிடும். நீங்கள் போட்டோவில் பார்த்தது இருக்காது. நம் குளோபுலஸுக்கும் இளசில் வெள்ளி நீலத்தில் அகலமான இலைதான். வெட்டிய எந்தக் கட்டையிலும் துளிர்த்து நிற்பதைப் பாருங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டால் கை நிறைய ஒடித்துத் தருவார். பூங்கொத்துக்கு அது போதாதா? அதற்கு இங்கிலாந்து விதையா?

இப்போது பேலன்ஸ் ஷீட்டில் இடது பக்கத்தில் எழுத வேண்டியதுக்கு வருகிறேன். நீங்கள் வைத்த கன்று நாலைந்து வருஷத்தில் ஓட்டைத் தாண்டும். குளோபுலஸ் என்றால் ஐம்பது மீட்டர் வரைக்கும் போகிற ஜாதி. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை அடிக்கும்போது, ஊறிப்போன மண்ணில் அத்தனை பெரிய மரம் உங்கள் சமையலறைக்குப் பதினைந்தடி தூரத்தில் நிற்கும். பயந்துபோய் வெட்டலாம் என்றால் அங்கே 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் காத்திருக்கிறது. உங்கள் சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். நடுவதற்கு ஒரு மண்வெட்டி போதும், எடுப்பதற்கு மனு வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இப்படித்தான், வாசலில் சாய்ந்து நிற்கும் மரத்துக்காக இரண்டு மழைக்காலம் படுக்கையை முன்னறையிலிருந்து பின்னறைக்கு மாற்றிக்கொண்டு படுத்தார்.

தண்ணீர் விஷயத்தில் ஆளாளுக்கு அடித்துவிடுகிறார்கள், அளந்த கணக்கை மட்டும் சொல்கிறேன். ஊட்டி மண்வள ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அக்கம்பக்கமாக இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, இன்னொன்றில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் வைத்தது. முதல் பத்து வருஷத்தில் மரம் வைத்த பக்கம் ஓடிவந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி மறுதாம்பு விட்ட அடுத்த சுற்றில் இன்னும் குறைந்தது. உங்கள் இரண்டு மரத்தால் ஊட்டி வறண்டுவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெருவில் எல்லோரும் 'என் ரெண்டு மரம்தானே' என்று சொன்னால் அதற்குப் பெயர் தோப்பு.

இதைவிட எனக்குப் பயம் புது இனத்து விதைகள்தான். சீகை மரத்தையும் அந்தக் காலத்தில் பட்டைக்கும் விறகுக்கும் என்று நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். இன்றைக்குப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. ஒரு பக்கம் அரசு செலவழித்துப் பிடுங்குகிறது, இன்னொரு பக்கம் நாம் கூரியர் செலவு கொடுத்து வரவழைக்கிறோம்!

பனி தாங்கும் மரம்தானே வேண்டும்? காட்டுப்பூவரசு இருக்கிறது. சோலை ஓரத்தில், திறந்த புல்வெளியில், உறைபனி நேராகத் தலையில் விழும் இடத்தில் தடித்த பட்டையோடு தன்னந்தனியாக நிற்கும். பனிக்காலத்திலேயே ரத்தச் சிவப்பில் பூக்கும். ஹோம்ஸ்டேகாரர்களே, உங்கள் கேமராவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? யூகலிப்டஸ் குடும்பம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் விக்கி மரமும் தவிட்டுப்பழச் செடியும் அதே குடும்பம்தான். தவிட்டுப்பழம் ரோஸ் நிறத்தில் பூத்து, குழந்தைகளின் வாயையெல்லாம் ஊதாவாக்கும். இடமும் அதிகம் கேட்காது. வனத்துறை நர்சரிகளில் சோலை மரக் கன்றுகள் வளர்க்கிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள்.

"ரொம்ப மெதுவா வளருமேப்பா" என்பீர்கள். ஆமாம், மெதுவாகத்தான் வளரும். பத்தடியாவதற்குள் உங்கள் பையன் காலேஜ் முடித்திருப்பான். வீட்டு வாசலில் இருக்கிற மரத்துக்கு அது குறையா என்ன? கன்றை மழை பிடித்ததும் ஜூனில் நடுங்கள், பள்ளத்தில் வேண்டாம், வீட்டுச் சுவரை ஒட்டிய மேட்டுப் பக்கமாகப் பாருங்கள். முதல் இரண்டு பனிக்காலத்துக்கு, தேயிலை நாற்றுக்கு மூடுவார்களே, அதே போல் தாகையை வெட்டி சாயங்காலம் மேலே போட்டுவிட்டு, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட்டால் போதும்.