காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை

நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. தோற்ற இரவுகளில், சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஒரே பேச்சுதான். கொருக்குப்பேட்டை வருவதற்குள் ஆரம்பித்துவிடும்: "கோச்சைத் தூக்குனாத்தான் டீம் உருப்படும்." சொல்பவர்கள் நீலச் சட்டை போட்ட பையன்கள். விடிந்தால் சிப்காட்டில் முதல் ஷிப்டுக்கு நிற்க வேண்டியவர்கள். எண்ணூர் தாண்டுவதற்குள் அடுத்த கோச் யார் என்பதுவரை முடிவாகிவிடும். திருவள்ளூர் வண்டியில் போனாலும் இதே பேச்சுதான் கேட்கும். எனக்கு அந்தப் பையன்கள்மேல் பிரியம் உண்டு. ஆனால் அவர்கள் சொல்வது தவறு. அது வெறும் ஆத்திரப் பேச்சாக நின்றுவிட்டால் பரவாயில்லை. உலகம் முழுக்கக் கால்பந்துக் கிளப்புகள் அதைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றன.

எதிர்த்துப் பேசினால் உடனே வந்து விழும் பெயர் ஓவன் கோய்ல். 2019-20 பருவத்தில் பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் சென்னையின் அணி முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றது. நவம்பர் கடைசியில் கிரிகரி போனார், கோய்ல் வந்தார், அணி இறுதி ஆட்டம்வரை போனது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்பார்கள்.

அந்த ஆறு ஆட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். முதல் நான்கில் ஒரு கோல்கூட இல்லை. அடுத்த இரண்டில், ஐதராபாத்துக்கு எதிராக இரண்டு, ஒடிசாவுக்கு எதிராக இரண்டு என நான்கு கோல்கள். அதில் பெரும்பகுதி முன்கள ஆட்டக்காரர் வால்ஸ்கிஸ் அடித்தவை. அதாவது கிரிகரி பெட்டி கட்டுவதற்கு முன்பே அணி கோல் அடிக்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ், அவருக்குப் பந்து கொடுத்த ரஃபேல் கிரிவெல்லாரோ, சென்னை சிட்டியிலிருந்து வந்த எட்வின் சிட்னி வன்ஸ்பால் ஆகிய மூவரும் கிரிகரி இருந்தபோது சேர்க்கப்பட்டவர்கள். கோய்ல் அவர்களைத் துணிந்து தாக்கி ஆடவிட்டார், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் காக்கை வந்து உட்காரும்போது பனம்பழம் ஏற்கெனவே பழுத்திருந்தது. பொன்னேரிப் பக்கம் பனைமரங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல் இதை முறையாகவே ஆராய்ந்தார். அந்த நாட்டு முதல் பிரிவின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை நீக்கிய அணிகள் ஒருபக்கம், அதே அளவு சரிந்தும் நீக்காமல் பொறுத்திருந்த அணிகள் மறுபக்கம். நீக்கிய அணிகள் மீண்டன என்பது உண்மை. நீக்காத அணிகளும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் மீண்டன. காரணம் எளியது. எந்தக் கிளப்பும் நல்ல நாளில் கோச்சை அனுப்புவதில்லை. கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகள், தவறவிட்ட பெனால்ட்டி, ஒரே மாதத்தில் மூன்று தடுப்பாட்டக்காரர்களுக்குக் காயம், வரிசையாக வலுவான எதிரணிகள் எல்லாம் சேர்ந்து அழுத்தும் ஆக மோசமான நாளில்தான் அனுப்புகிறது. அதற்குக் கீழே போக இடம் குறைவு. அடுத்து யார் வந்து நின்றாலும் அணி கொஞ்சம் மேலேறும். வந்தவர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார்.

இதைக் கால்பந்துக்கு வெளியே நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் பல ஆண்டு வேலை செய்தேன். ரோலில் உள்ள பள்ளம் தேய்ந்துபோனால் கம்பியின் அளவு தவறும். சில நேரம் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறிச் சீறிக்கொண்டு வெளியே பாயும். ஒரு மழைக்காலத்தில் கழிவு ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஷிப்ட் இன்சார்ஜை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதியவர் வந்த அதே வாரம் புது ரோல்கள் லாரியில் வந்து இறங்கின. கழிவு குறைந்தது. புதியவருக்குப் பாராட்டு. அந்த ரோல்களைக் கேட்டு இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்தவர் வெளியே போனவர்தான். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் காகிதத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்னையின் கதைக்கே திரும்புகிறேன். 2020-21இல் சாபா லாஸ்லோ. 2021-22இல் பொஜிதார் பாந்தோவிச். கோவாவிடம் 5-0 என்று தோற்றதும், 2022 பிப்ரவரியில், பருவத்தின் நடுவிலேயே அவர் நீக்கப்பட்டார். மிச்ச ஆட்டங்களை நம் ஊர்க்காரர் சையத் சாபிர் பாஷா தலையில் கட்டினார்கள். 2022-23இல் தாமஸ் பிரடாரிச். இந்த மூன்று பருவங்களிலும் அணி முடித்த இடம் எட்டு, எட்டு, எட்டு. அத்தனை பேர் மாறியும் இடம் மாறவில்லை. பிறகு கோய்ல் திரும்பி வந்தார், இறுதி ஆட்டம்வரை கொண்டுபோன அதே கோய்ல். முதல் ஆண்டு ஆறாம் இடம். 2024-25இல் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். அவர் தொழில் மறந்தா போனார்? கையில் இருந்த ஆட்டக்காரர்கள் வேறு, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் நம் அணி ஆடும் இந்தியன் சூப்பர் லீக்கில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் பயமே கிடையாது. அந்தப் பயம் இருக்கும் இடங்களில் பைத்தியம் இன்னும் முற்றுகிறது. ஜெர்மனியின் ஷால்க 2020-21இல் ஒரே பருவத்தில் ஐந்து பயிற்சியாளர்களைப் பார்த்தது. 34 ஆட்டங்களில் மூன்றே வெற்றி, கடைசி இடம், கீழ்ப்பிரிவு. இங்கிலாந்தின் வாட்ஃபோர்ட் 2019-20இல் மூன்று பேரை அனுப்பியது. மூன்றாமவரான நைஜல் பியர்சனை, இரண்டு ஆட்டங்களே மிச்சம் இருந்தபோது. அதுவும் இறங்கியது. லெஸ்டர் 2017இல் ரானியேரியை நீக்கிவிட்டுப் பன்னிரண்டாம் இடத்தில் முடித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே லெஸ்டர் 2023 ஏப்ரலில் பிரெண்டன் ராட்ஜர்ஸை நீக்கிவிட்டு மூழ்கியதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

இந்த நம்பிக்கை சாகாமல் இருப்பதற்கு அதனால் லாபம் அடைகிறவர்கள் இருப்பதும் ஒரு காரணம். ஆட்டக்காரர்களை வாங்குவது, சம்பளத்துக்குப் பணம் ஒதுக்குவது, பயிற்சி மைதானம், இளையோர் அணி எல்லாம் முதலாளியும் நிர்வாகமும் முடிவு செய்பவை. பருவத்தின் நடுவில் ஒரு தலையை உருட்டிவிட்டால் அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவது நம் பழைய வழக்கம். போனவரின் ஒப்பந்தத்துக்கு ஈடு, வந்தவருக்குச் சம்பளம் என்று இரட்டைச் செலவு வேறு. வியாசர்பாடியில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பணத்தில் எத்தனை ஜோடி பூட்ஸ் வாங்கலாம் என்று ஒருவரும் கணக்குப் போடுவதில்லை.

ஆட்டக்காரர்களை அவமதிக்கிற, பணத்தில் கைவைக்கிற பயிற்சியாளரை அன்றைக்கே அனுப்ப வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நான் பேசுவது நாலு தோல்வியைப் பற்றி.

2015இல் நம் அணி ஒரு கட்டத்தில் எட்டு அணிகளில் கடைசியாகக் கிடந்தது. பயிற்சியாளர் மார்கோ மாட்டெராஸி. கிளப் அவரை அனுப்பவில்லை. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் நம் திருவள்ளூரும் தத்தளித்துக்கொண்டிருந்ததால், சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடி 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா அரங்கு, இறுதி ஆட்டம். 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. 90ஆம் நிமிடத்தில் கோவாவின் கோலி கட்டிமணி கைபட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. அடுத்த இரண்டு நிமிடத்தில் நம் மெண்டோசா வெற்றிக் கோலை அடித்தார். நம் ரயில் பேச்சின்படி நடந்திருந்தால், அன்று எல்லைக்கோட்டுக்கு வெளியே மாட்டெராஸி நின்றிருக்க மாட்டார்.