ஆறாம் நம்பர் பந்து

ஒரு சின்ன கேள்வி. நம்ம காலேஜ் ஸ்போர்ட்ஸ் ரூம்ல ஆறாம் நம்பர் பாஸ்கெட்பால் எத்தனை இருக்குன்னு தெரியுமா?

ஆடாதவங்களுக்காகச் சொல்றேன். ஆண்கள் ஆடுறது ஏழாம் நம்பர் பந்து. பெண்களுக்கு ஆறாம் நம்பர். சுற்றளவும் எடையும் கொஞ்சம் குறைவு. ஏழாம் நம்பர்லயே பழகின கை, மேட்ச் அன்னைக்கு ஆறாம் நம்பரைத் தூக்கினா பந்து ரிங்கைத் தாண்டிப் போயிடும். போன வருஷம் ஜோனல்ல நம்ம பொண்ணுங்க டீமுக்கு நடந்தது அதுதான். "பொண்ணுங்களுக்கு ஆட வரலை"ன்னு திரும்பி வரும்போது பேசிக்கிட்டோம். பந்து மாறினதைப் பத்தி யாரும் பேசலை.

ஆட வருமா வராதாங்கிற கேள்விக்கு அனிதா பால்துரை எப்பவோ பதில் சொல்லிட்டாங்க. சென்னைக்காரர். 19 வயசுல, அதாவது நம்மள்ல பாதிப் பேர் செகண்ட் இயர் அரியரை நினைச்சுப் புலம்புற வயசுல, இந்தியப் பெண்கள் அணிக்கு கேப்டன். தொடர்ந்து ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் ஆடினார். குழந்தை பிறந்த பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பி வந்தார். 2017-ல் பெங்களூருல நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டத்துல, கஜகஸ்தானை 75-73னு இந்தியா ஜெயிச்சப்போ அந்த அணியில் அவரும் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ.

இதை "திறமை இருந்தா யாரும் தடுக்க முடியாது"ன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மாதிரி முடிச்சிட வேண்டாம். அனிதாவுக்குத் தெற்கு ரயில்வேல வேலை இருந்தது. மாசச் சம்பளம், கூட ஆட ஒரு டீம், வருஷா வருஷம் போட்டிகள். அதே தெற்கு ரயில்வேக்கு ஆடின கேரளத்து கீது அன்னா ஜோஸ், 2011-ல் அமெரிக்காவோட டபிள்யூஎன்பிஏ அணிகளோட தேர்வு வரைக்கும் போய் வந்தார். திறமை அவங்களோடது. ஆனா அது வருஷக்கணக்கா தாக்குப் பிடிக்க ஒரு ஏற்பாடு வேணும். அந்த ஏற்பாடு காலேஜ்லயே அறுந்து போனா, அதுக்கப்புறம் எந்த வேலையும் வந்து காப்பாத்தாது.

"பொண்ணுங்க மேட்சை யார் பாக்குறாங்க?"ன்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். 2024-ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டத்தை டிவியில பார்த்தவங்க கிட்டத்தட்ட 1.89 கோடிப் பேர். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.48 கோடிதான். கெய்ட்லின் கிளார்க்னு ஒரு காலேஜ் பொண்ணு ஆடுறதைப் பாக்கத்தான் அவ்வளவு கூட்டம். 1972-லயே அங்க ஒரு சட்டம் வந்து, கல்லூரிகள் பெண்களுக்கும் விளையாட்டுல சம வாய்ப்பு தரணும்னு ஆக்கிடுச்சு. வாய்ப்பு முதல்ல வந்தது. கூட்டம் அம்பது வருஷம் கழிச்சு வந்தது.

இப்ப என் கதை. எனக்கு ஊர் தியாகதுருகம். ஸ்கூல் டீம்ல நான் பாயின்ட் கார்டு. இங்க சேர்ந்ததும் கோர்ட்டுல பேர் கொடுத்தேன். பிராக்டிஸ் ஆரம்பிக்கிறது சாயங்காலம் நாலரைக்கு. எங்க ஊர் பக்கம் போற காலேஜ் பஸ் கிளம்புறது நாலு நாப்பதுக்கு. பத்து நிமிஷத்துல ஷூ லேஸ் கட்டலாம், ஆட முடியாது. பஸ்ஸை விட்டா கள்ளக்குறிச்சி போய் மாறி வீடு சேர எட்டு மணி ஆகும். அம்மா ரெண்டு வாரம் பொறுத்தாங்க. மூணாவது வாரம் நானே நின்னுட்டேன். ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு ஆறு மணி இன்-டைம். பசங்களுக்கு அது இல்லை. அப்புறம் "பொண்ணுங்க வர்றதே இல்லை"ன்னு சொன்னா எப்படி?

பெருசா எதுவும் கேக்கலை. நாலு ஆறாம் நம்பர் பந்து. வாரத்துல ரெண்டு சாயங்காலம் முழு கோர்ட்டும் பொண்ணுங்களுக்கு. அந்த ரெண்டு நாள் மட்டும் ஒரு லேட் பஸ்ஸும், ஏழு மணி இன்-டைமும்.

கோர்ட்டுல தினமும் ஆடுற பசங்களுக்கும் ஒண்ணு. அந்த ரெண்டு நாள் நீங்களா விட்டுக் கொடுத்தா, பிரின்சிபல் கையெழுத்துக்காகக்கூட காத்திருக்க வேண்டாம். நான் இப்ப ஃபைனல் இயர். எனக்கு இது உதவாது. ஃபர்ஸ்ட் இயர்ல எங்க பஸ்லயே ஒரு பொண்ணு வர்றா. ஜன்னல் வழியா கோர்ட்டையே பாத்துக்கிட்டு வர்றா.