எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு கடற்கரை விடுதி ஹோலிக்குச் சுவரொட்டி அடித்திருக்கிறது. வண்ணப்பொடி, டிஜே, விடிய விடிய ஆட்டம். நாளைப் பார்த்துத்தான் சிரித்தேன். ஹோலிக்கு நெருப்பு மூட்டும் பௌர்ணமி பெரும்பாலும் நமக்கு மெதின் போயா என்ற பௌத்த விடுமுறை. சாராயக் கடையும் பூட்டு, இறைச்சிக் கடையும் பூட்டு. செவ்விளநீர் குடித்துக்கொண்டு ஆடட்டும்.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலைக்கு வந்த இந்தியர்கள் ஊர் நினைப்பில் பொடி பூசினால் யாருக்கு நட்டம்? எரிச்சல் மூட்டியது சுவரொட்டியின் ‘இலங்கைக்குப் புதுசு’ என்ற வரிதான்.

புதுசா? கோப்பிக் காலத்தில் மன்னார் வழியாகக் காடு கடந்து மலைக்குப் போன சனம், காமன் கூத்தையும் கூடவே கொண்டுபோனது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் நடுவார்கள். பகலில் கொழுந்து, இரவில் தப்புச் சத்தம். லயத்துக்கு லயம் காமனாகிய மதனும் அவன் மனைவி ரதியும் ஆடிப்போவார்கள், இரண்டு வேடமும் ஆண்களுக்கே. பௌர்ணமியை ஒட்டி, வடக்கே ஹோலி நெருப்பில் ஹோலிகா எரிகிற அதே நிலவில், இங்கே சிவன் கண்ணைத் திறக்க மதன் எரிவான். பிறகு ரதியின் ஒப்பாரி.

ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று சிவன் வரம் கொடுத்துவிட்டாரே, அப்படியானால் மதன் எரிந்தானா, இல்லையா? தஞ்சாவூர்ப் பக்கம் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து இதையே லாவணியில் இரவு முழுக்கப் பாடித் தீர்ப்பார்கள். லாவணியும் மராட்டியர் ஆட்சியோடு வடக்கிலிருந்து வந்ததுதான். விடுதிக்காரர் இந்த வரியை வாசிக்காமலிருக்கக் கடவர்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து நம் மாவட்டத்துக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். இளவயதில் ரதி வேடம் கட்டியவர். சுவரொட்டிக் கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: “மதன் எரிஞ்சானா ஐயா?”

“எரியலன்னா நான் எதுக்குங்க அம்புட்டு அழுதேன்?” என்றார், கோபமாகவே.

நான் எரிந்த கட்சியில் சேர்ந்துவிட்டேன். எதிர்க்கட்சியினர் கடிதம் போடலாம். பாட்டாக இருந்தால் முழுதாகப் பிரசுரிப்பேன்.