பச்சை இலைக்கு முன் பழைய கதவு

வீட்டைப் புதுப்பிக்கக் கடைக்குப் போனால் பெயின்ட் டப்பா முதல் பிளைவுட் வரை பச்சை இலை அச்சாகியிருக்கிறது. ஆதாரமில்லாமல் ‘சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் இலையை நம்பலாமா என்று ஆராய்வதற்கு முன், புதிதாக வாங்கத்தான் வேண்டுமா என்று யோசிப்பது லாபம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. தேவையின்றி இடித்துக் கட்டும் சுவரும் அந்தக் கணக்கில் சேரும். காரைக்குடிக் கடைகளில் அடுக்கிக் கிடக்கும் பழைய பர்மா தேக்குக் கதவுக்கோ புதிதாக ஒரு மரமும் விழ வேண்டியதில்லை.

பழைய மரத்தை இழைத்துப் பொருத்தக் கூலி அதிகம், கரையான் பயம் வேறு என்பார்கள். கூலி உண்மை, அந்தப் பணம் உள்ளூர் ஆசாரிக்குப் போகிறது. நிலையின் அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்து, பொந்துச் சத்தம் கேட்டால் விட்டுவிடலாம். கதவைவிட நாம் அதிகம் கோட்டை விடுவது வாசலில்தான். சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டு, மழைநீர் தேங்குகிறதென்று மாநகராட்சியைத் திட்டுகிறோம். கார் நிற்கும் இடம் போக மீதியை மண்ணாக விட்டு ஒரு வேம்பு வைக்கப் பெரிய செலவில்லை. சேறாகும் என்றால் ஜல்லி பரப்பலாம்.