140 என்ற எண்ணுக்கு ஏன் இத்தனை நடுக்கம்?



புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போகிறவர்கள் விமான நிலையத்தைக் கடந்துதான் போக வேண்டும். அந்தச் சாலையில், தாழ்ந்து இறங்கும் விமானத்தைச் ஜன்னல் வழியே பார்த்து, 'நானும் ஒரு நாள் விமானியாவேன்' என்று மனத்தில் எழுதிக்கொண்ட பிள்ளைகள் நம் மாவட்டத்தில் குறைவல்ல. அவர்களில் சிலர் மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து முடித்து, யோசனை கேட்க என்னைப் போன்ற ஆசிரியர்களிடம் வருவதுண்டு. இறக்கை எப்படி விமானத்தைத் தூக்குகிறது என்று அவர்கள் கேட்பதில்லை. "சோதனைக்கு முந்தின வாரம் என்ன சாப்பிட்டால் பிரஷர் குறையும், சார்?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஆனால் அதன் பின்னால் இருக்கும் பயம் பொய்யானதன்று. நம் நாட்டில் 16 வயது நிரம்பியவர் பயிற்சி விமானி ஆகலாம். அதற்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். 18 வயதில் வணிக விமானி உரிமம் பெற முதல் வகுப்புச் சான்று வேண்டும். வேலைக்குப் போன பிறகும் சோதனை விடுவதில்லை. இளம் விமானிக்கு ஆண்டுதோறும் அது திரும்பி வரும். இரத்த அழுத்தம் 140/90 என்ற கோட்டைத் தாண்டி நிலைத்து நின்றால் சிக்கல்தான். குடும்பமே கடன் வாங்கிப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கும்போது, கையில் பட்டையைச் சுற்றும் நேரத்தில் நெஞ்சு படபடக்காமல் இருக்குமா?

சரி, அந்த எண் எதை அளக்கிறது? 1733-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகினார்; இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. மனிதரிடம் அதைச் செய்ய முடியுமா? 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, காற்றடைத்த பட்டையையும் பாதரசத் தம்பத்தையும் கொண்டு தோலைக் கீறாமலேயே அளந்து காட்டினார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே தமனியில் எழும் ஒலியைக் கேட்டு மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் குறிக்கும் வழியைச் சொன்னார். 120 என்றால் 120 மில்லிமீட்டர் பாதரசம்; தண்ணீரில் சொன்னால் 163 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். உங்கள் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இத்தனை உயரத் தம்பத்தைத் தாங்குகிறது!

இது பாய்மத் தம்பத்தின் கணக்கு என்றால், உயரம் மாறினால் அளவும் மாற வேண்டும் அல்லவா? மாறுகிறது. கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் வைக்காமல் 10 சென்டிமீட்டர் கீழே தொங்கவிட்டு அளந்தால், அந்த 10 சென்டிமீட்டர் இரத்தத் தம்பத்தின் எடையும் சேர்ந்துகொள்ளும். இரத்தத்தின் ஒப்படர்த்தி 1.06, பாதரசத்தினுடையது 13.6. வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். 136 உள்ள பிள்ளை 144 ஆகிவிடுகிறது! வெர்னியரில் சுழிப்பிழை பார்க்காமல் அளவெடுத்தால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வெட்டுகிறோம். இங்கே ஒருவனுடைய எதிர்காலம் வெட்டுப்படுகிறது. பருத்த கைக்குச் சிறிய பட்டை, மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு, நிறைந்த சிறுநீர்ப்பை, அளக்கும்போதே பேச்சு, சற்று முன் குடித்த காப்பி, இவை ஒவ்வொன்றும் எண்ணை உயர்த்தும்.

எல்லாவற்றையும்விட உயர்த்துவது பயம். 1983-இல் இத்தாலியில் மான்சியா என்ற மருத்துவரும் குழுவினரும், நோயாளிகளின் தமனிக்குள்ளேயே கருவியை வைத்துத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். அளப்பதற்காக மருத்துவர் அருகில் வந்ததும் மேல் அழுத்தம் சராசரியாக 27 மில்லிமீட்டர் ஏறியது. இப்படி வெள்ளை அங்கியைக் கண்டு ஏறும் அழுத்தத்தை மருத்துவர்கள் நன்கறிவர். 24 மணி நேரமும் உடம்பில் கட்டிக்கொண்டு அளக்கும் கருவி வந்தது இதைப் பிரித்துக் காட்டத்தான்.

அப்படியானால் இந்தச் சோதனையே வேண்டாமா? வேண்டும். 1972 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய டிரைடன்ட் விமானம் ஸ்டெயின்ஸ் அருகே விழுந்து, அதிலிருந்த 118 பேரும் இறந்தனர். விமானத் தலைவரின் இதயத் தமனிகள் ஏற்கெனவே தடித்திருந்தன. வழக்கமான சோதனைகளில் அது வெளிப்படவில்லை. புறப்படுமுன் ஓய்வறையில் வேலைநிறுத்தம் பற்றிக் கடும் வாக்குவாதம் நடந்திருந்தது. மன அழுத்தத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து தமனிச் சுவரில் கிழிசல் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று உடற்கூறு நிபுணர் கூறினார். விபத்துக்குக் காரணங்கள் பல; அவற்றுள் இதுவும் ஒன்று.

போர் விமானத்தில் வேறொரு கணக்கு. மூளை இதயத்துக்கு மேலே சுமார் 30 சென்டிமீட்டர். அவ்வளவு உயரம் இரத்தத்தை ஏற்ற 23 மில்லிமீட்டர் அழுத்தம் செலவாகும். புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு விசை தாக்கும்படி விமானத்தைத் திருப்பினால் செலவு 115! கண் இருண்டு, நினைவும் தவறக்கூடும். இதையெல்லாம் ஆராயத்தான் பெங்களூரில் 1957-இல் தொடங்கப்பட்ட விமானப்படையின் வான்மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சோதனைக்காக யாருக்கும் தெரியாமல் அழுத்தம் குறைக்கும் மாத்திரையை விழுங்குகிறவர் ஏமாற்றுவது மருத்துவரை மட்டுமா? தம் மூளைக்குப் போக வேண்டிய அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டல்லவா விமானத்தில் ஏறுகிறார்!

இனி உணவுக்கு வருவோம். பீட்ரூட் சாற்றில் உள்ள நைட்ரேட் அழுத்தத்தைச் சில மில்லிமீட்டர் குறைப்பது உண்மையே; ஆனால் சில மணி நேரத்துக்கு. முதல் நாள் பட்டினி கிடப்பதால் வரும் நன்மை எதுவுமில்லை, தலைசுற்றல் வரலாம். உப்பு செய்யும் வேலை மெதுவானது. உடம்பில் சோடியம் மிகுந்தால் அதற்கேற்ப நீரும் தங்கும், குழாய்களில் ஓடும் பாய்மம் பெருகும், அழுத்தம் ஏறும். அதிக உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு நாட்கள் பிடிக்கும். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். பழைய சோற்றுக்கு மோர்மிளகாய், குழம்பில் கோட்டைப்பட்டினத்துக் கருவாடு, பக்கத்தில் அப்பளம், ஊறுகாய் என்று இருக்கும் நம் இலையில் அந்தக் கரண்டி எப்போது நிரம்பி வழிகிறது என்று யாராவது பார்க்கிறோமா? கருவாட்டை விலக்கச் சொல்லவில்லை. அதை ஊறவைத்துக் கழுவிச் சமைக்கும் நாளில் ஊறுகாய்க்கு விடுமுறை கொடுக்கலாம். ஆதனக்கோட்டையில் வறுத்த முந்திரி வாங்கினால், உப்புத் தடவாததாகக் கேட்டு வாங்கலாம்.

1997-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், உப்பின் அளவை மாற்றாமலேயே, பழம், காய்கறி, கொழுப்புக் குறைந்த பால் ஆகியவற்றைக் கூட்டினார்கள். உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 11 மில்லிமீட்டர் இறங்கியது. மாற்றம் இரண்டு வாரத்திலேயே தெரிந்தது. பழைய உணவுக்குத் திரும்பினால் அழுத்தமும் திரும்பும். நம் ஊர் வாழைப்பழமும் முருங்கைக்கீரையும் மோரும் இந்த வேலையைச் செய்யும். எட்டாம் வகுப்பில் தொடங்கினால் இன்னும் நல்லது. சோதனைச் சீட்டு வந்த பிறகு தொடங்குவது, தேர்வுக்கு முதல் நாள் இரவில் பாடநூலைத் திறப்பது போன்றது.

மறைத்தல் என்னும் நோய் அனுபவசாலிகளையும் விடவில்லை. அமெரிக்காவில் 3,765 விமானிகளிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் சான்று போய்விடுமோ என்ற அச்சத்தால் ஏதோ ஒரு வகையில் மருத்துவரைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்நாட்டில், அனுமதிக்கப்பட்ட மருந்தால் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் பறக்கத் தடையில்லை. அவர்களுடைய எல்லை 155/95, ஐரோப்பாவில் 160/95. ஆகவே கோடு என்பது இயற்கை வரைந்ததன்று, மனிதர் வரைந்தது. அந்தக் கோட்டை வைத்து முடிவு சொல்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை மேசைமேல் வைத்து, ஒரு முறைக்கு இரு முறை அளப்பது. இதைப் பணிவோடு கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் அக்காவிடம் அனுமதி பெற்று இதைச் சோதித்துப் பாருங்கள். முதலில் கையை மேசைமேல் வைத்தும், அடுத்துப் பட்டை கட்டிய கையை 20 சென்டிமீட்டர் மேலே தாங்கிப் பிடித்தும் அளக்கச் சொல்லுங்கள். கணக்குப்படி 15 அல்லது 16 மில்லிமீட்டர் குறைய வேண்டும். கிடைத்த அளவைச் செய்முறை ஏட்டில் எழுதுங்கள். குறையாவிட்டால் ஏன் என்றும் எழுதுங்கள்.