மாப்பிள்ளைச் சம்பாவும் மாப்பிள்ளையும்

மாப்பிள்ளைச் சம்பா அரிசி கேட்டு டவுன்ல இருந்து போன் பண்றவங்கள்ல சிலர், "குழந்தைக்காகத்தாங்கய்யா, எத்தனை மாசம் சாப்பிடணும்?"னு கேக்குறாங்க. கேக்குறது பெரும்பாலும் பொண்ணுங்கதான். கூச்சத்தை விட்டு, வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்தாரான்னு கேட்டா, "அவருக்கு ஒண்ணும் இல்லைங்க"ன்னு பதில் வருது. டெஸ்ட் எடுக்காமலே தெரிஞ்ச பதில்!

அந்த அரிசியை விளைவிச்சு விக்கிறவன் நான். ஆளுயரம் வளர்ற பயிர், நார்ச்சத்துள்ள நல்ல அரிசி. இளவட்டக்கல்லைத் தூக்குற தெம்பு தரும்னு பேருக்கு ஒரு கதையும் உண்டு. தாராளமா சாப்பிடுங்க. ஆனா குழந்தை பொறக்க அது மருந்துன்னு சொல்லி விக்க எனக்கு மனசு வராது.

நாத்து விடுறதுக்கு முன்னாடி விதைநெல்லை உப்புத் தண்ணியில போட்டு, மிதக்குற பதரை ஒதுக்கிடுவோம். முளைப்பு சரியில்லைன்னா முதல்ல விதையைத்தான் பார்ப்போம். வீட்டு விஷயத்துல மட்டும் பொண்ணைத்தான் குறை சொல்றோம். குழந்தை தாமதமாகுற தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் குறையும் காரணமா இருக்குன்னு மருத்துவம் சொல்லுது.

பீடி, சிகரெட், குடி, தொப்பை இதெல்லாம் விந்தணுவைக் கெடுக்கும். விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவா இருக்கணும். அதனாலதான் அது உடம்புக்கு வெளியே இருக்கு. லேப்டாப்பை மடியில வச்சு மணிக்கணக்கா வேலை பார்க்குற தம்பிங்க யோசிக்கணும். ஜிம்முல உடம்பு ஏத்தப் போடுற ஹார்மோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திடலாம்.

எங்க தொழிலும் இதுக்கு விலக்கு இல்லை. டிபிசிபின்னு ஒரு நூற்புழு மருந்து. 1977-ல கலிபோர்னியாவுல அதைத் தயாரிச்ச தொழிலாளிகள், தங்களுக்குக் குழந்தை பிறக்கலையேன்னு பேசிக்கிட்டுத்தான் பரிசோதனைக்கே போனாங்க. பலருக்கு விந்தணு குறைவு, சிலருக்குச் சுத்தமா இல்லை. கையுறை இல்லாம, வெறும் மேலோட மருந்து அடிக்கிற எங்க ஊர்ப் பசங்ககிட்ட இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

நல்ல சேதியும் இருக்கு. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய ரெண்டரை மாசம் ஆகும். குறுவை நெல்லைவிடக் குறைஞ்ச நாள். இன்னிக்கு பீடியையும் பாட்டிலையும் விட்டா, 3 மாசத்துல வித்தியாசம் தெரிய வாய்ப்பிருக்கு. நரம்புச் சுருட்டல், அடைப்பு மாதிரி குறைகளுக்குப் பழக்கத்தை மாத்தினா மட்டும் போதாது, டாக்டர்தான் வழி. ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் தங்கலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க. மனைவிக்கு 35 வயசு தாண்டியிருந்தா 6 மாசத்துலயே போயிடுங்க.

பொண்ணுக்கு ஸ்கேன், ரத்தம், கருக்குழாய்னு வலிக்க வலிக்க எத்தனையோ சோதனை. ஆம்பளைக்கு முதல் சோதனை ஒரு டப்பாவுல சாம்பிள் குடுக்குறது, அவ்வளவுதான். அதை முதல்ல குடுத்துட்டு, அப்புறமா அரிசிக்கு போன் பண்ணுங்க தம்பி.