வேடந்தாங்கல் பறவைக்கு வீடு ஏரியில்... சாப்பாடு வயலில்!

மதுராந்தகம்:

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில் சீசன் முடிந்து பறவைகள் கிளம்பிவிட்டால் வனத்துறைக்கு லீவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். நிஜமான வேலையே அப்புறம்தான்.

கோடையில் ஏரி வற்றித் தரை தெரியும். தூர் வாருவது, மரத்தைச் சுற்றி மண் அணைப்பது, பட்டுப்போன மரத்துக்குப் பதில் கன்று நடுவது எல்லாம் அந்த இடைவெளியில்தான். நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீருக்குள் நின்றால்தான் கூட்டுக்குப் பாதுகாப்பு. கரையில் உள்ள மரம் என்றால் பூனை ஏறும், ஆள் ஏறும்.

அக்டோபரில் எல்லோர் கண்ணும் வளையபுத்தூர் ஏரி மேல். அது நிரம்பினால்தான் இங்கே தண்ணீர் வரும். மழை பொய்த்தால் நாரையும் கூழைக்கடாவும் வேறு ஊர் பார்த்துப் போய்விடும்.

மதகில் இழுபறி

இது பாசன ஏரியும்கூட. மதகைத் திறந்தால் பயிர் பிழைக்கும். சீக்கிரம் வற்றினால் குஞ்சுகளுக்கு ஆபத்து. ஆனாலும் ஊர்க்காரர்கள் பறவையை விரட்டியது கிடையாது. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாச்சே! 1798-லேயே கலெக்டரிடம் போய் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கிய ஊர் இது. தீபாவளிக்குக்கூட இங்கே பட்டாசு சத்தம் இல்லை.

சிக்கல் ஏரிக்கு வெளியேதான். ஏரி வெறும் 30 ஹெக்டேர். இத்தனை பறவைக்கும் அதில் மீன் போதுமா? நத்தைகுத்தி நாரை நத்தை தேடுவது சுற்றியுள்ள வயலில். மற்றவை பக்கத்து ஊர் ஏரி, குட்டைகளில் மேய்கின்றன. அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள்.

2020-ல் அதை 3 கி.மீ. ஆக்க வனத்துறையே யோசனை சொன்னது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. கேட்க இரண்டே கி.மீ.தான். கணக்குப் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு பரப்பு அவுட்! பறவையின் சாப்பாட்டுத் தட்டில் பெரும்பகுதி காலி என்று அர்த்தம்.

அந்த நிலம் பெரும்பாலும் வனத்துறைக்குச் சொந்தமில்லை என்பதுதான் இன்னொரு தலைவலி. பட்டா நிலங்கள் நிறைய. விவசாயி நெல் போடும்வரை பறவைக்குக் கவலை இல்லை. கட்டுப்படியாகாமல் நிலத்தைத் தரிசாகப் போட்டால்? மனைபோட்டு விற்றால்? 2022-ல் கிடைத்த ராம்சர் அந்தஸ்து பெருமைதான். ஆனால் ஒரு குடும்பம் நெல் போடுவதா, நிலத்தை விற்பதா என்று முடிவெடுக்கும்போது அந்தப் பட்டம் பக்கத்தில் வந்து உட்காராது.